ஒரு கத்தி குறைகிறது

கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு பேருக்கு வைத்திருந்த மேஜையில் ஐந்து கத்திகள்தான் இருந்தன. ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலியின் முன்னால் தட்டு இருந்தது, முள்கரண்டி இருந்தது, சூப்புக் கரண்டி இருந்தது, கஞ்சி போட்டு விசிறிபோல் மடித்த கைக்குட்டையும் இருந்தது. கத்தி மட்டும் இல்லை.

மேவிஸின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையற்கட்டை ஆட்டிப்படைத்தவள். ஒரு மேஜையைப் பார்த்த மாத்திரத்தில் எது குறைகிறது என்று சொல்லிவிடுவாள். பரிமாறுபவரைக் கூப்பிட்டாள். அன்செல்மோ என்ற அந்தக் கோவாக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், கப்பல் கப்பலாக வேலை பார்த்த மனிதர். வெறும் விரிப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நான் வெச்சேன் மேடம். என் கையாலதான் வெச்சேன்."

"விழுந்திருக்கும். போனாப் போகுது, வேற ஒண்ணு கொண்டாங்க" என்றாள் மேவிஸ்.

மணி ஆறரை. ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே உச்சிப்பொழுதுபோல் வெயில் அடித்தது. ஜூன் மாதத்து நார்வேக் கடல் அப்படித்தான், இருட்டவே இருட்டாது. அறுநூறு பேர் ஒரே நேரத்தில் சாப்பிடும் கூடத்தில் கரண்டிகள் தட்டில் உரசும் ஓசையும், சூடான கிரேவியின் வாசனையும், காலுக்கடியில் இயந்திரத்தின் ஓயாத முனகலும் ஒன்றாகக் கலந்து, பழகிய வீட்டின் சமையலறையில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு தூக்கக் கலக்கத்தைத் தந்தன. மேஜை விரிப்பு தரைவரை தொங்கியது. உட்கார்ந்தால் மடிமேல் கனமாக ஏறிக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கும் சொந்தக் கால்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

மேஜையில் மற்ற நால்வரும் புதியவர்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ராட்னி, அவர் மனைவி பெரில். தலைமை ஆசிரியராக இருந்த டென்பி, மனைவியை இழந்தவர், ஒல்லி, வார்த்தைக்கு வார்த்தை மன்னிப்புக் கேட்பவர். எண்பத்தொரு வயது மிஸ் ஹார்வுட், கல்யாணமே செய்துகொள்ளாமல் பியானோ சொல்லிக்கொடுத்தவர். பிறகு மேவிஸும் அவள் கணவன் வில்ஃபும். கப்பலில் ஒரு மேஜையில் போட்டுவிட்டார்கள் என்றால் ஊர் திரும்பும்வரை அதே மேஜை, அதே ஆட்கள்தான்.

ராட்னிதான் அந்த யோசனையைச் சொன்னார். "ஏழு நாளும் ஒரே இடத்துல உக்காந்து சாப்பிட்டா சோறு இறங்காது. நாங்க எப்பவும் ஒண்ணு பண்ணுவோம். தினமும் ஆளாளுக்கு ஒரு நாற்காலி இடப்பக்கம் நகர்ந்துக்கணும். எல்லா இடமும் எல்லாருக்கும் ஒரு முறை வந்த மாதிரி இருக்கும்."

"நாப்பது வருஷம் பஸ்ஸுல ஒரே சீட்டுல உக்காந்து ஓட்டினவன் சார் நான்" என்றான் வில்ஃப். "நகரச் சொன்னா வேணாம்னா சொல்லுவேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று ஜன்னல் நாற்காலியில் டென்பி இருந்தார். சூப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தினார். கண்கள் அகன்றன. கரண்டி பிடித்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகத் துளிர்ப்பதை மேவிஸ் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லையே சார்?" என்று கேட்டாள்.

"இல்ல இல்ல, மன்னிக்கணும். சூப்பு ரொம்ப நல்லா இருக்கு, இல்ல?"

சாப்பிட்டு எழுந்தபோது டென்பியின் தட்டருகே இரண்டு கத்திகள் கிடந்தன. ஒன்று கிரேவி பட்டது, அன்செல்மோ கொண்டுவந்து கொடுத்தது. இன்னொன்று துடைத்துப் பளபளவென்று, முள்கரண்டிக்கு நேராக, அளவு வைத்தாற்போல் கிடந்தது. டென்பியின் சாம்பல் நிறக் காலுறையில் கணுக்கால் பக்கம் ஒரு சிவப்புக் கோடு. மேவிஸ் வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஆம்பிளையின் காலைப் பற்றி எப்படிப் பேசுவது? வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அந்த நாற்காலி ராட்னிக்கு வந்தது. கத்தி இல்லை. அன்செல்மோ வேறொன்று கொண்டுவந்து வைத்தார். ராட்னி உரத்த குரலில் ஒரு வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் குரல் அறுந்தது. விரிப்பைக் கொத்தாகப் பிடித்தார், விரல் கணுக்கள் வெளுத்தன. பிறகு ஒரு மூச்சை இழுத்துக் கதையைச் சொல்லி முடித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் டென்பி. சிரித்துக்கொண்டே ராட்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது நிம்மதி என்பது மேவிஸுக்குப் பிறகுதான் உறைத்தது.

"கால் மரத்துப்போச்சு" என்று சொல்லி ராட்னி நொண்டிக்கொண்டே போனார். அவர் இடத்திலும் இரண்டு கத்திகள்.

அறைக்குத் திரும்பியதும் மேவிஸ் கேட்டாள். "வில்ஃப், நாம வேற மேஜை கேக்கலாமா?"

"ஐயையோ, எதுக்கு? அந்த மனுஷங்க என்ன நினைப்பாங்க? தினம் லிஃப்ட்டுல முழிக்கணுமேம்மா."

அவன் சொன்னதுதான் அவள் மனதிலும் இருந்தது. அதனால் விட்டுவிட்டாள். அன்றைக்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்த முகத்தோடு மாற்றிக் கொடுத்திருப்பார்கள். பாவி மகள், கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பெரில். ராட்னியே அந்த நாற்காலியை மனைவிக்காக இழுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். மீன் வந்த சமயத்தில் பெரிலின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது.

"மிளகு" என்றாள் பெரில். "காரமா இருக்கு."

ராட்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதோ முடிஞ்சிரும்மா" என்று மெல்லச் சொன்னார்.

தெரிந்தேதான் உட்கார வைத்திருக்கிறார். கட்டின மனைவியை!

நான்காம் நாள் மிஸ் ஹார்வுட் அந்த நாற்காலியைப் பார்த்தார், சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. "பரவாயில்ல, எல்லாருக்கும் ஒரு முறை வர்றதுதானே" என்று பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். வறுவல் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல மேலே வந்தது. மேவிஸுக்கு அது நன்றாகத் தெரியும். காலை நேரத்தில் கறி வெட்டும் பலகையைக் கழுவும்போது வருவது. கைக்குட்டையை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டுக் குனிந்தாள். விரிப்பின் ஓரம் நனைந்து கனத்திருந்தது. கம்பளத்தில் விரல் வைத்தாள். சொதசொதவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

"மேவிஸ்" என்று மேலேயிருந்து பெரிலின் குரல் வந்தது. "அதையெல்லாம் பாக்கக் கூடாதும்மா. அந்தம்மாவுக்குச் சங்கடமா இருக்கும்."

மேவிஸ் நிமிர்ந்தாள். மிஸ் ஹார்வுட் காகிதம்போல் வெளுத்து, புன்னகை மாறாமல், உருளைக்கிழங்கைச் சிறுசிறு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தாராம், தொடையில் பதினொரு தையலாம். டென்பிக்குக் கணுக்கால், ராட்னிக்குக் கெண்டைக்கால், பெரிலுக்கு முழங்கால், இவருக்குத் தொடை. ஒவ்வொரு நாளும் மேலே. ஒவ்வொரு நாளும் ஆழமாக.

ஐந்தாம் நாள் மேவிஸின் முறை. அதற்கு மறுநாள் வில்ஃப்.

வில்ஃபுக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. முகம் மழிக்கும்போது லேசாகக் கீறினால்கூட ஒரு மணி நேரம் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு தையல் போடும் அளவு வெட்டு அவனுக்குப் போதும், ஆள் போய்விடுவான். மேவிஸ் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். அது என்னவென்று தன் உடம்பில் தெரிந்துகொண்டால், நாளைக்கு அவனைத் தடுக்க ஒரு ஆதாரம் இருக்குமே.

முதலில் ஒன்றுமில்லை. இயந்திரத்தின் முனகல். கண்ணாடி வழியாக முதுகில் வெயில். ஆட்டுக்கறி வந்தது. பிறகு, விரிப்புக்கு அடியில், அவள் முழங்கால்மேல் ஒரு விரல் இரண்டு முறை தட்டியது. கதவைத் தட்டி அனுமதி கேட்பதுபோல். மரியாதையாக. குளிர்ந்த கை ஒன்று பாவாடையை மடிப்புக் கலையாமல் மேலே சுருட்டியது. அதற்குப் பிறகு கத்தி இறங்கியது. அவசரமே இல்லை. மெதுவாக, நீளமாக, தொடையின் உள்பக்கம்.

கண்ணில் பூச்சி பறந்தது. கத்தலாம். எழுந்து ஓடலாம். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை, யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். எல்லோரும்.

"கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு" என்று ஒரு குரல் சொன்னது. அவளுடைய குரல்தான்.

டாக்டர் பதினாலு தையல் போட்டார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். "ஷவர்ல வழுக்கிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வில்ஃபிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக் கலங்கிப்போனான்.

"மேஜைக் கால்ல ஏதாவது தகரம் நீட்டிக்கிட்டு இருக்கும், கண்ணு. காலையில சொல்லிரலாம்."

"தகரம் இல்ல வில்ஃப்! அது கை. என்னைத் தட்டிட்டு வெட்டுச்சு. நாளைக்கு உன் முறை. நாம அங்க போகவே வேணாம். மேல போயி ரெண்டு சாண்ட்விச் தின்னுக்கலாம், உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் கட்டிலோரத்தில் உட்கார்ந்து காதைச் சொறிந்தான். பொய் சொல்ல வரும்போதும் உண்மை சொல்ல வெட்கப்படும்போதும் அவன் செய்வது அது. "நாளைக்கு நமக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். உனக்குத் தெரியாம கேக் சொல்லி வெச்சிருக்கேன். அந்த நாலு பேரையும் கூப்பிட்டுட்டேன். மிஸ் ஹார்வுட் அந்தக் காலோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. இப்பப் போயி வரலைன்னு எப்படிச் சொல்றது?"

நாற்பது வருஷமாக அவள் நேசித்தது இந்த மனுஷனைத்தான்; யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கும் இந்த மடையனை. அழுதுகொண்டே சொன்னாள், "அப்ப உன் நாற்காலியில நான் உக்காருவேன். அதுக்காவது சரின்னு சொல்லு."

"சரிம்மா, சரி. அழாத."

ஆறாம் நாள் வில்ஃப் கறுப்புக் கோட்டும் கழுத்தில் போ டையும் போட்டுக்கொண்டான். நால்வரும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாளும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஜன்னல் நாற்காலியும் அதற்குப் பக்கத்து நாற்காலியும்தான் காலி. மேவிஸ் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வில்ஃப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது இன்னைக்கு வில்ஃபோட இடமாச்சே" என்றார் ராட்னி.

"நான்தான் உக்காரப்போறேன்."

டென்பி கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மன்னிக்கணும். அது... சரியா வராதே. ஆளுக்கு ஒரு முறைன்னுதானே."

"உங்க முறை முடிஞ்சிருச்சுல்ல? அப்ப வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க!"

டென்பி அறை வாங்கியவர்போல் தலை குனிந்தார். மேவிஸ் தன் தட்டுப் பக்கம் பார்த்தாள். கரண்டி. முள்கரண்டி. கத்தி.

கத்தி இருந்தது.

அவள் கழுத்தைத் திருப்புவதற்குள் தெரிந்துவிட்டது. வில்ஃபின் தட்டு. முள்கரண்டி. கரண்டி. வெறும் விரிப்பு.

நாற்காலிக்கு வருவதில்லை அது. முறைக்கு வருவது.

மாட்டிறைச்சி வந்தது. வில்ஃப் அன்செல்மோவிடம் கிரிம்ஸ்பி மீனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நிறுத்தினான். புருவம் ஏறியது. மடியைக் குனிந்து பார்த்தான், தட்டிக் கூப்பிட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல்.

விரிப்புக்கு அடியில் விரல் இரண்டு முறை தட்டியிருக்கிறது.

"வில்ஃப், எந்திரி!"

கத்தியே விட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக, நாலு பேர் நடுவில், தொண்டை கிழிய. "எந்திரி! அது உன்னக் கொன்னுரும்! எந்திரிடா!"

அறுநூறு கரண்டிகள் நின்றன. ஒரு மூச்சு நேரம். பிறகு ஒன்று தட்டில் உரசியது. பிறகு இன்னொன்று. பக்கத்து மேஜைப் பெண்மணி தன் காதணியைச் சரிசெய்துகொண்டாள். ஒருவர் இருமினார். எல்லாத் தலைகளும் தட்டுகளை நோக்கிக் குனிந்துகொண்டன.

வில்ஃபின் முகம் காதுவரை சிவந்துபோயிருந்தது. பயத்தில் அல்ல.

"உக்காரும்மா" என்றான் கெஞ்சலாக. "நாலு பேரு பாக்குறாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.

மேவிஸ் தன் கத்தியை எடுத்தாள். விரிப்பைத் தூக்கினாள். இருட்டு. கையை உள்ளே விட்டாள், அவன் முழங்காலுக்கு முன்னால், அது எங்கே இருக்குமோ அங்கே, பலம் கொண்ட மட்டும் குத்தினாள்.

குத்து இறங்கவில்லை.

குளிர்ந்த கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கோபமில்லை. அவசரமில்லை. பிள்ளைக்கு அகரம் எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதுபோல், அவள் கையை மெல்லத் திருப்பியது. மேலே. வில்ஃபின் இடுப்புப் பக்கம். தள்ளியது.

துணி கிழிந்தது. தோல். பிறகு மெத்தென்று ஏதோ.

விரல்கள்மேல் சூடாகக் கொட்டியது. குழாயைத் திறந்துவிட்டதுபோல், நிற்காமல். முழங்கைவரை.

"ம்" என்றான் வில்ஃப்.

அவளைப் பார்த்தான். நாற்பது வருஷம் பார்த்த அதே கண்கள், நீலம். புன்னகை செய்யப் பார்த்தான். முள்கரண்டியை எடுத்தான். அது கையிலிருந்து நழுவியது.

"கறி... நல்லா வெந்திருக்கு" என்றான்.

மேவிஸ் கையை இழுத்தாள். வரவில்லை. மேஜையைச் சுற்றி நான்கு முகங்கள். நான்கிலும் நிம்மதி. பெரில் பட்டாணியைக் கிரேவியில் புரட்டிக்கொண்டிருந்தாள். விரிப்பின் வெள்ளையில் சிவப்பு கீழிருந்து மேலே ஏறி வந்தது.

கூடத்தின் விளக்குகள் மங்கின. பரிமாறுபவர்கள் வரிசையாக வந்தார்கள், கைதட்டிப் பாடிக்கொண்டு. முன்னால் கேக். மேலே மெழுகுவத்திகள். அறுநூறு பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். வில்ஃபின் தலை மெல்ல மார்பில் சாய்ந்தது. போ டை கோணலாகத் தொங்கியது.

அவன் தட்டருகே ஒரு கத்தி இருந்தது. துடைத்து, பளபளவென்று, நேராக.

"கேக்கை வெட்டும்மா" என்றார் ராட்னி, அன்பாக. "நாப்பது வருஷம். சின்ன விஷயமா?"

அன்செல்மோ கேக்கை இறக்கி வைத்தார். மேவிஸின் தட்டுப் பக்கம் பார்த்தார். வில்ஃபைப் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்கப் பழகியவர்.

"மன்னிச்சுக்கங்க மேடம். உங்க இடத்துல ஒரு கத்தி குறையுது. நான் வெச்சேன், என் கையாலதான் வெச்சேன். இதோ, வேற ஒண்ணு கொண்டுவர்றேன்."

விரிப்புக்கு அடியில் குளிர்ந்த விரல் அவள் புறங்கையில் இரண்டு முறை தட்டியது.